மை ஏறாத பழைய பேனாவை நம்பி வாங்கலாமா?

பழைய பேனா விற்பவர்கள் எழுதும் பேனாவுக்கு ஒரு விலையும் எழுதாத பேனாவுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவும் சொல்வார்கள். பல ஆண்டுகளாகப் பழுதான பேனாக்களை வாங்கிச் சரிசெய்து அவற்றிலேயே எழுதிவரும் எனக்கு, மை ஏறாதது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை. லீவரை இழுத்து மை நிரப்பும் பேனாவின் உள்ளே இருப்பது ரப்பர் பை. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அது காய்ந்து நொறுங்கத்தான் செய்யும். புதுப் பை மலிவு. ஷெல்லாக் என்ற அரக்குப் பசை தடவி ஒட்டினால் வேலை முடிந்தது.

நான் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது நிப்பின் நுனியை. காகிதத்தில் உரசுவது தங்கம் அல்ல, அதன் முனையில் பற்றவைத்த கடின உலோகப் பொட்டு. 14 காரட் தங்கம் மென்மையானது என்பதால், பொட்டு போன நிப் சீக்கிரமே தேய்ந்துவிடும். வளைந்த நிப்பை நிமிர்த்தலாம்; புதிய முனை வைக்க ஆகும் செலவிலோ பெரும்பாலும் இன்னொரு பேனாவே வாங்கிவிடலாம். அடுத்தது மூடியின் விளிம்பு. உள்ளே சிறு விளக்கை விட்டுச் சுற்றிப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். தினமும் திருகித் திறக்கும்போது அது வளரும். இவை இரண்டில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவானாலும் நகர்ந்துவிடுவேன்.

நீண்ட நாள் உழைப்பில் முதலிடம் பார்க்கர் 51-க்கு, அதிலும் 1948-இல் வந்த ஏரோமெட்ரிக் வகைக்கு. அதன் பை ரப்பர் அல்ல, ஒருவகை பிளாஸ்டிக். என்னுடையது மை இறுகிக் கல்லாய் வந்தது. தண்ணீரில் ஊறவைத்து அலசியதைத் தவிர வேறு வைத்தியம் தேவைப்படவில்லை. பை இன்றும் பழையதுதான். நிப் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மின்விசிறிக்கு அடியில் மூடாமல் வைத்தாலும் சட்டென்று உலர்வதில்லை. அதற்கு முந்திய வேக்குமேட்டிக் வகைக்கு மை உறிஞ்ச உதவும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை மாற்ற வேண்டும், தனிக் கருவியும் வேண்டும்.

பழுதுபார்த்துக் கை பழக எஸ்டர்புரூக் ஜே பேனா நல்லது. நிப்பைத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். 9000 வரிசை நிப்புகளில் கடின முனை உண்டு. 1000, 2000 வரிசைகளில் எஃகையே மடித்து முனையாக்கியிருப்பார்கள், அவை தேயும்.

1952-இல் வந்த ஷீஃபர் ஸ்னார்க்கல் எனக்குப் பிடித்த பேனா, ஆனால் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மெல்லிய குழாய் ஒன்று வெளியே நீண்டு மை உறிஞ்சும். நிப் நனையவே நனையாது. அழகுதான். ஆனால் பையோடு இரண்டு, மூன்று ரப்பர் அடைப்புகளும் மாற்ற வேண்டும். கூலி பேனாவின் விலையைத் தாண்டிவிட்டது.

வீட்டில் முயல்பவர்களுக்கு: நிப்பைப் பிடித்திருக்கும் கழுத்து கழலவில்லை என்று தீக்குச்சியைக் காட்டாதீர்கள், பல பழைய பேனாக்களின் செல்லுலாய்டு பிளாஸ்டிக் பற்றி எரியும். கறுப்பு எபோனைட்டை, அதாவது கடின ரப்பரை, தண்ணீரில் ஊறவைத்தால் பழுப்பேறும்.

பேனா விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து, அதே மாடலைச் சரிசெய்து விற்கும் விலைக்குக் கீழே நின்றால் மட்டும் வாங்குகிறேன். தாத்தாவின் பேனாவென்றால் இந்தக் கணக்கு செல்லாது. மூடியில் விரிசல் இருந்தாலும் சரிசெய்துவிடுங்கள்.