மூன்று வருடமாக இடுப்பில் தொங்கும் 5 மீட்டர் டேப்: முதல் அடிதான் வில்லங்கம்

பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பி, "அண்ணே, நீங்க வெச்சிருக்கிற டேப்பையே வாங்கிரட்டுமா?" என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. மூன்று வருடமாக மாடுலர் கிச்சன் வேலைக்குத் தினமும் கொண்டுபோகிற டேப் அது. ஒரு விளிம்பில் இன்ச், மறு விளிம்பில் எம்எம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுனிக் கொக்கியில் லேசாக ஆட்டம் இருக்கும். கோளாறு என்று நினைத்து ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொக்கித் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவுதான் அந்த ஆட்டம். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு அளவும் சரியாக வருவது அதனால்தான். எத்தனையோ முறை சாரத்திலிருந்து கீழே விழுந்தும் அந்த ஆட்டம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

என் கோபமெல்லாம் இன்ச் பக்கத்து முதல் அடியின் மேல். எங்கள் வேலையில் இன்ச்சுக்கு எட்டு நூல். டேப்பில் இன்ச்சுக்குப் பதினாறு பாகம், ஆகவே நூலுக்கு இரண்டு கோடு என்று கண் பழகிக் கிடக்கிறது. இந்த டேப்பில் முதல் 12 இன்ச்சில் மட்டும் இன்ச்சுக்கு 32 பாகம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 0.8 எம்எம் கூட இல்லை.

போன மாதம் எண்ணெய் பாட்டில் ரேக்குக்கு 9 இன்ச் 3 நூலில் பலகை வேண்டியிருந்தது. கூட இருந்தவர் ஒன்பதைத் தாண்டி, பழக்கத்தில் ஆறு கோடு எண்ணிப் பென்சில் வைத்துவிட்டார். அங்கே ஆறு கோடு என்றால் ஒன்றரை நூல்தான். 238 எம்எம் வர வேண்டிய பலகை 233-ல் அறுந்தது. மைக்கா ஒட்டிய நாலு பலகை போச்சு. அவரைத் திட்டிவிட்டேன். சாயந்தரம் டேப்பை வெளிச்சத்தில் பிடித்து நானே எண்ணிப் பார்த்தபோதுதான், திட்டியிருக்கக் கூடாது என்று பட்டது.

இன்ச்சை எம்எம் ஆக்குவதில் வரும் குழப்பத்துக்கு டேப்பைக் குறை சொல்ல மாட்டேன். 25.4-ஐ எட்டால் வகுத்தால் ஒரு நூல் 3.175 எம்எம். வாய்க்கணக்கில் எல்லோரும் "நூலுக்கு மூணு எம்எம்" என்கிறோம். அப்படிப் போட்டால் இன்ச்சுக்கு 24 தான் வரும், 1.4 எம்எம் விழுந்துவிடும். கம்பி கட்டுகிறவர்களுக்கு 3 நூல் கம்பி 10 எம்எம், 4 நூல் கம்பி 12 எம்எம் என்று ஓடிவிடும். டிராயரில் அது நடக்காது. டிராயர் ஓடுகிற தண்டவாளத்தைத்தான் சேனல் என்கிறோம். கடையில் 18 இன்ச் சேனல் என்று கொடுப்பது 450 எம்எம். உண்மையான 18 இன்ச் 457.2. சேனலுக்குச் சரியாக ஆழம் வைத்த கேபினெட்டில், இன்ச்சை நம்பிச் செய்த பெட்டியைத் தள்ளினால் பின்பலகையில் முட்டி முகப்பு 7 எம்எம் வெளியே நிற்கும். ஒரு வீட்டில் ஆறு டிராயரைப் பிரித்து மறுபடி அறுத்திருக்கிறேன். அதிலிருந்து சேனலும் கீலும் எனக்கு எம்எம்மில் மட்டும்தான்.

ஸ்பிரிங் இன்னும் புதுசு மாதிரி இழுக்கிறது, எழுத்து அழியவில்லை, கொக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தும் தம்பியிடம், "இதை வாங்காதே, ரெண்டு பக்கமும் எம்எம் போட்டதா எடு" என்றேன்.

"வீட்டுக்காரங்க அடி, இன்ச்லதானேண்ணே சொல்லுவாங்க?"

அதுவும் நிஜம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் என்றுதான் நானும் கடையில் கேட்கிறேன். அதனால் என் டேப்பைத் தூக்கிப் போடவில்லை. முதல் அடியின் இன்ச் பக்கத்தை மட்டும் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் மை தேய்ந்து கோடுகள் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அடிக்கிறேன்.