புளூஸ்கிரீன்வியூ: பெயர் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது

நிர்சாஃப்ட்டின் புளூஸ்கிரீன்வியூ இலவச மென்பொருள். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஜிப்பைப் பிரித்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும். கம்ப்யூட்டர் திடீரென முடங்கி நீலத்திரை வரும்போது விண்டோஸ் அந்த நேரத்து விவரங்களை ஒரு சிறு கோப்பாக (டம்ப்) மினிடம்ப் ஃபோல்டரில் எழுதிவைக்கிறது. அப்படிச் சேர்ந்த கோப்புகளைப் படித்து, தேதி, பிழை எண், சந்தேகத்துக்குரிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தருகிறது இது. சில நொடி வேலைதான்.

பட்டியல் காலியாக வந்தால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ பகுதிக்குப் போய், ‘ஸ்மால் மெமரி டம்ப்’ (256 கேபி) தேர்ந்தெடுங்கள். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிட்டால் திரையில் வரும் பிழையை நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம். சி டிரைவில் பேஜ்ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் கோப்பு) நிறுத்தியிருந்தால் டம்ப் பதிவாகாமல் போகும். ‘கிளீனர்’ வகை மென்பொருள்கள் பழைய டம்ப்களைத் துடைத்துவிடுவதும் உண்டு.

இனி முக்கியமான எச்சரிக்கை. ‘காஸ்டு பை டிரைவர்’ என்ற பத்தியில் அடிக்கடி விண்டோஸின் மையப்பகுதியான கர்னலின் பெயரே வரும். அதைப் பார்த்துவிட்டு விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறவர்கள் ஏராளம். வேறொரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும், அதைக் கண்டுபிடித்து இயக்கத்தை நிறுத்தியது கர்னலாக இருக்கும். கூச்சல் போட்டவனையே திருடன் என்று பிடிக்கிற கதைதான். இந்த மென்பொருள் மைக்ரோசாஃப்ட்டின் சிம்பல் கோப்புகளை (நினைவக முகவரி எந்த நிரல்பகுதிக்குரியது என்று சொல்பவை) பயன்படுத்தாமல் ஊகிக்கிறது. கண்டறிதல் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது என்று நிர்சாஃப்ட்டே எழுதியிருக்கிறது. அதனால் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பில் வரும் டிரைவர்களையும் பாருங்கள். அவற்றில் மைக்ரோசாஃப்ட் அல்லாத பெயர் எது, அந்தக் கோப்பின் தேதி எவ்வளவு பழையது என்பதில்தான் துப்பு இருக்கிறது.

ஒரே ஒரு டம்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நான்கு டம்ப்களில் ஒரே எண்ணும் ஒரே டிரைவரும் வந்தால் நம்பலாம். ஒவ்வொரு முறையும் எண்ணும் பெயரும் மாறினால் ரேமைச் சோதியுங்கள். பிழை எண் 124 என்றால் பெரும்பாலும் வன்பொருள் கோளாறு, டிரைவரை மாற்றிப் பயனில்லை. 116 வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள்: கார்டு 2 விநாடிக்குள் பதில் தராதபோது விண்டோஸ் டிரைவரை மீட்டெடுக்கப் பார்க்கும், அதுவும் முடியாதபோது வருவது இந்த எண். ஸ்லீப்பில் போகும்போதோ எழும்போதோ வரும் 9எஃப் பிழையில்தான் புளூஸ்கிரீன்வியூ அதிகம் தடுமாறுகிறது. வழி மறித்து நிற்கும் டிரைவரை விட்டுவிட்டுக் கர்னலைக் காட்டும்.

அங்கே டம்ப்பை ஆழமாக ஆராயும் மைக்ரோசாஃப்ட் கருவியான வின்டிபிஜி (WinDbg) வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. டம்பைத் திறந்ததும் வரும் ‘அனலைஸ்’ இணைப்பைக் கிளிக் செய்யுங்கள். சிம்பல்களை இணையத்திலிருந்து இறக்க முதல்முறை சில நிமிடம் பிடிக்கும், பொறுங்கள். முடிவில் ‘இமேஜ் நேம்’ என்ற வரியில் வரும் பெயர், புளூஸ்கிரீன்வியூ சொன்னதைவிட நம்பகமானது.

பெயர் தெரிந்த பிறகு, அண்மையில் அப்டேட் ஆன டிரைவராக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். பழையதாக இருந்தால் லேப்டாப் அல்லது மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரியதை எடுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் சாதாரணமாக நீக்கினால் மிச்சம் தங்கும். நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற மென்பொருள் கொண்டு அகற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நெட் இருந்தால் இடையில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரைப் போட்டுவிடும்.

குறை என்றால், பதிப்பு 1.55 வந்து பல ஆண்டாகிறது, தோற்றமும் பழையது. விண்டோஸ் 11 டம்ப்களையும் படித்துவிடுகிறது என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. இதன் மிகப் பெரிய பலன், பூட்டே ஆகாத கம்ப்யூட்டரின் டிஸ்க்கை வேறொன்றில் மாட்டி, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக அதன் மினிடம்ப் ஃபோல்டரைக் காட்டிப் படிக்க முடிவதுதான். சர்வீஸ் செய்கிறவர்கள் பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.