பங்கு விளையாட்டுச் சங்கத்தில் ஓராண்டு

அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்தில், ஒரு தேவாலயமும் ஒரு தொடக்கப் பள்ளியும் ஒரு மதுக்கடையும் மட்டுமே உள்ள சிறிய பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, எங்களுடையது. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் மரபு விளையாட்டு ஹர்லிங். இப்பங்கின் ஹர்லிங் சங்கத்தில் சென்ற ஆண்டு குடும்பமாகச் சேர்ந்தோம். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரில், ஹர்லிங்கை நாடெங்கும் நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான மைக்கேல் கியூசாக் தங்கள் மாவட்டத்தில் பிறந்தவர் என்பதை இங்கே முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

எட்டு வயதான எங்கள் மகள் கமோகி எனப்படும் பெண்கள் ஹர்லிங் பழகுகிறாள். சிறுவர் ஆட்டங்களில் வெற்றியைவிட, வந்த குழந்தைகள் அனைவரும் களத்தில் இறங்கி ஆடுவதே முக்கியமாகக் கருதப்படுகிறது. எங்கள் பயிற்றுநர்கள் இதை மனமார்ந்து கடைப்பிடிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் மாலையில் மாடு கறந்து முடித்த கையோடு மைதானத்துக்கு வந்துவிடுகிற பால்பண்ணைக்காரர். அவருக்கு ஊதியம் கிடையாது. டப்ளினில் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஆடும் மாவட்ட வீரர்களுக்கும் ஆடுவதற்கு ஊதியம் இல்லை என்பதையும், அவர்களும் தத்தம் பங்குச் சங்கத்துக்காக ஆடுகிறார்கள் என்பதையும் அறிந்தபோது எனக்கு இச்சங்கத்தின் மேல் பெருமதிப்பு உண்டாயிற்று.

தலைக்கவசம் கட்டாயம். மட்டை வழக்கமாக ஆஷ் மரத்தால் ஆனது. அம்மரங்களை அழித்துவரும் பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டபின், மூங்கில் மட்டைகளும் விற்பனைக்கு வந்துள்ளன. வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த மட்டை தேவையில்லை.

விளையாடாதவர்களுக்கும் சந்தா வீணாகாது. குளிர்கால மாலைகளில் மைதான விளக்குகளை ஏற்றிவைக்கிறார்கள். விளக்கில்லாச் சாலைகளில் நடக்க அஞ்சும் முதியவர்கள் அங்கே சேர்ந்து நடந்து, பிறகு தேநீர் அருந்துகிறார்கள். பங்கில் ஒருவர் இறந்தால், சங்கத்தினர் சாலையோரம் இருபுறமும் நின்று இறுதி மரியாதை செலுத்துகிறார்கள். வண்டிகளை ஒழுங்குபடுத்துவதும் அவர்களே. வாரந்தோறும் நடத்தும் லாட்டரியில் சேரும் பணம் இவற்றுக்குத் துணைநிற்கிறது.

குறைகளும் உண்டு. பயிற்சி நேரம் மாறினால், ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் பேசிக்கொள்பவர்களுக்கே முதலில் தெரிகிறது. புதிதாக வந்த நாங்கள் இருமுறை வெறும் மைதானத்தில் நின்றோம். அதைவிட வருத்தம் தந்தது, முதன்மை மைதானத்தை ஆண்களின் அணிகளுக்கே முதலில் ஒதுக்கி, சிறுமிகளைச் சேறு நிறைந்த பக்கத் திடலுக்கு அனுப்பியது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை எழுப்பினோம். மாதத்தில் இரு வியாழக்கிழமைகள் இப்போது முதன்மை மைதானம் சிறுமிகளுக்குக் கிடைக்கிறது. மற்ற இரண்டையும் கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறோம்.