ஜெர்மனிக்கு பிளஸ் டூ முடித்ததும் "டைரக்ட் அட்மிஷன்": பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஜெர்மனியில் இன்ஜினியரிங் சேர்க்கிறோம் என்று சொல்லும் கன்சல்டன்சிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கோவையில் ஒரு கன்சல்டன்சி என் அக்கா வீட்டில் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

"மேடம், அங்கே ஃபீஸே கிடையாது. தம்பி 522 மார்க் எடுத்திருக்கான். நேரா யூனிவர்சிட்டிதான்" என்றார் அங்கிருந்த கவுன்சிலர். ஃபீஸ் விஷயம் பெரும்பாலும் உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மாதிரி சில இடங்களில் நம்மிடம் வாங்குகிறார்கள், மற்றபடி அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. "நேரா யூனிவர்சிட்டி" என்பதுதான் பச்சைப் பொய்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் 12 அல்லது 13 வருடம் படித்து அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போகிறார்கள். நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து அதற்குச் சமம் என்று பொதுவாக ஏற்பதில்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் தொழில்நுட்ப, அறிவியல் படிப்புகளுக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதல் வருடத்தை முடித்து, அதே துறைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஸ்டூடியன்கொலெக், அதாவது வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஆயத்தக் கல்லூரி. வழக்கமாக இரண்டு செமஸ்டர். இன்ஜினியரிங் போகிறவர்களுக்கு டி-கோர்ஸ். பாடம் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும், உள்ளே போகவே நுழைவுத் தேர்வு, கடைசியில் எஃப்எஸ்பி என்ற தகுதித் தேர்வு. அரசு ஸ்டூடியன்கொலெக்கில் கல்விக் கட்டணம் கிடையாது.

இதில் ஒரு வார்த்தைகூட அந்த ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? அரசு ஸ்டூடியன்கொலெக் கமிஷன் தராதே!

கொஞ்ச நாளில் "கண்டிஷனல் அட்மிஷன்" என்று ஒரு கடிதம் வந்தது. மேலே கம்பீரமாக ஒரு பல்கலைக்கழகக் கட்டடப் படம். கையெழுத்துப் போட்டிருந்ததோ ஒரு தனியார் பயிற்சி மையம். வருடக் கட்டணம் ஒன்பதாயிரம் யூரோவாம். இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை அக்கா மகன்தான் போனில் பெரிதாக்கிக் காட்டினான்: "மாமா, இதைப் படிங்க." இந்தப் படிப்பு பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உத்தரவாதம் அல்ல, எஃப்எஸ்பியை மாணவரே தனித்தேர்வராக எழுதிக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. அதாவது ஒன்பதாயிரம் யூரோ ட்யூஷனுக்கு மட்டும்.

அப்புறம்தான் ரசீதுகளை எடுத்துப் பார்த்தோம். ஏபிஎஸ் சான்றிதழுக்கு 45,000 ரூபாய். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயமான சான்றிதழ் அது. நாமே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 18,000. நம் மார்க் ஷீட் அசல்தானா என்று பார்ப்பதற்கானது, அது இருந்தால் அட்மிஷன் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பில் முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இவர்கள் எல்லாவற்றுக்கும் 75 போட்டிருந்தார்கள்.

எனக்கு ரொம்பவே எரிச்சல் வந்தது "ஜெர்மன் கிரேடு கன்வெர்ஷன் சான்றிதழ், ரூ. 8,000" என்ற வரியைப் பார்த்துத்தான். அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சி. மொத்த மார்க்கிலிருந்து எடுத்த மார்க்கைக் கழித்து, அதை மொத்தத்துக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பையனுக்கு 600-க்கு 522. ஆறு பாடத்துக்கும் 35 வீதம் தேர்ச்சி மார்க் 210. 78-ஐ 390-ஆல் வகுத்தால் 0.2, மூன்றால் பெருக்கினால் 0.6, ஆக கிரேடு 1.6. ஒரு நிமிட வேலை. இந்தக் கணக்கையும் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள், கன்சல்டன்சி சீல் குத்திய தாளை யாரும் மதிப்பதில்லை.

யாராவது உங்களிடம் "டைரக்ட்" என்றால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டுப் படிப்புகளை ஜெர்மனியில் எப்படி மதிப்பார்கள் என்று காட்டும் அனாபின் தளத்தில் இந்தியா பக்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், மொழிபெயர்ப்பான் போட்டால் போதும். ஏதாவது ஒரு ஸ்டூடியன்கொலெக்கைக் கன்சல்டன்சி காட்டினால், எஃப்எஸ்பி தேர்வை அங்கேயே நடத்தும் அரசு அங்கீகாரம் உண்டா என்று அந்த ஸ்டூடியன்கொலெக்குக்கே மெயில் போடுங்கள்.

பையன் இப்போது இங்கேயே பி.இ. முதல் வருடம் சேர்ந்துவிட்டான், மாலையில் ஜெர்மன் வகுப்பு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "ப்ராசஸிங் சார்ஜ், ரீஃபண்ட் இல்லை" என்று ஒரே பதில். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் பதிவு செய்த பிறகு 40,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஜிஎஸ்டி எண் இல்லாத வெள்ளைத் தாளில்தான் பாதி ரசீது தந்திருக்கிறார்கள். ஜிபேயில் அனுப்பியதற்கு ஸ்க்ரீன்ஷாட் இருந்ததால் பிழைத்தோம்.