மொட்டை மாடி பிளாஸ்டிக் நாற்காலி: கழுவும் பொருள்களில் எது தேறும், எது தேறாது

மாடியில் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி சாம்பல் பூத்துவிட்டது என்று கடையில் சொன்னால், சோப்புத்தூளில் தொடங்கி கார் டேஷ்போர்டு பாலிஷ் வரை எதையாவது எடுத்து நீட்டுவார்கள். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை போதும். நாற்காலியை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு கறுப்புத் துணியால் இருக்கையை அழுத்தித் துடையுங்கள். துணியில் மண்ணும் கரியும் ஒட்டினால் அது அழுக்கு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி வந்தால் அது அழுக்கே இல்லை, உதிர்கிற பிளாஸ்டிக். பொருளைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவது நிலையில் இருக்கும் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள்.

இந்த நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். உள்ளே கலந்திருக்கும் வெள்ளை நிறமியும், விலையைக் குறைக்கச் சேர்க்கும் சுண்ணப்பொடியும் பிடிமானம் இழந்து வெளியே தள்ளும். அந்த வெடிப்புகளில்தான் தூசியும் பாசியும் உட்கார்ந்துகொள்கின்றன. போன தோலைத் திருப்பிக் கொண்டுவரும் திரவம் எதுவும் கடையில் கிடையாது. கீழே சொல்வதெல்லாம் தோல் மிச்சம் இருக்கும் நாற்காலிக்குத்தான்.

முதல் இடம் சாதாரண சோப்புத்தூளுக்கே. 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி. முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து மணலைப் போக்கிவிட வேண்டும். காய்ந்த தூசியோடு தேய்த்தால் அந்த மணலே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். பிறகு நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்க விலாக்களைத் தேய்த்து முடித்துவிட்டு நிமிர்த்துங்கள். அடியில் இருக்கும் சிலந்தி வலையும் சகதியும் கடைசியில் வழிந்தால், கழுவின முன்பக்கத்தை மறுபடி கழுவ வேண்டியிருக்கும். சோப்புத் தண்ணீரைப் பூசி 10 நிமிடம் ஊறவைத்து, துணி துவைக்கும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் சாதாரண அழுக்கு முழுவதும் போய்விடும். வேலையை நிழலில் செய்வது முக்கியம். உச்சி வெயிலில் நுரை அப்படியே காய்ந்து வெண்படலமாகிவிடும். “சோப்புத்தூள் சரியில்லை” என்ற புகாருக்கு வழக்கமான காரணம் இதுதான்.

மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கும் வெள்ளைக் கட்டி மெலமைன் நுரை. மருந்து எதுவும் அதில் இல்லை. அதன் இழைகளே மிக நுண்ணிய உப்புத்தாள். செருப்புக் கறுப்பு, செய்தித்தாள் மை, பேனாக் கீறல் ஆகியவற்றில் இதை வெல்ல வேறொன்று இல்லை. ஆனால் தேய்க்கும்போது கறையோடு பளபளப்பும் கொஞ்சம் போகும். வெள்ளை நாற்காலியில் தெரியாது, அடர் நீலத்திலும் மெரூனிலும் வட்டமாகத் திட்டுத் தெரியும். சொரசொரப்பான இருக்கையில் சீக்கிரமே உதிர்ந்துவிடுவதால் முழு நாற்காலிக்குக் கட்டுப்படியும் ஆகாது. கறை இருக்கும் இடத்தில் மட்டும், நனைத்து, லேசாக.

ஆப்ப சோடா இதற்கு ஒரு படி மென்மை. 3 பங்கு சோடாவுக்கு 1 பங்கு தண்ணீர் சேர்த்துக் குழைத்துப் பூசலாம். அதோடு வினிகரைக் கலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். நுரை பொங்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர்தான். வினிகரைத் தனியாக வைத்துக்கொண்டால் போர் தண்ணீரின் வெள்ளை உப்புக் கறைக்கு அது நல்ல மருந்து: சம அளவு தண்ணீர் சேர்த்து, துணியில் நனைத்துக் கறைமேல் 15 நிமிடம் போட்டுவையுங்கள். இரும்புச் சத்துள்ள தண்ணீரின் பழுப்புக் கறைக்கு அரை லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, இன்னும் நன்றாகக் கேட்கும்.

ப்ளீச்சுக்கு ஒரே வேலைதான்: மழைக்காலத்துப் பச்சைப் பாசியும் கரும்பூஞ்சையும். 4 சதவீத லிக்விட் ப்ளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி, 10 நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர். கையுறை கட்டாயம். கழிவறை கழுவும் ஆசிட்டோ வினிகரோ பக்கத்திலேயே வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இரும்புக் கறையில் ப்ளீச் ஊற்றினால் பழுப்பு இன்னும் ஆழமாகப் படியும். விலை குறைவென்று ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் அதன் சுண்ணாம்பு படிந்த நாற்காலியை இரண்டாவது முறை கழுவுகிறார்கள்.

விசேஷ வீட்டுச் சாம்பார்க் கறைக்கு எதுவுமே வாங்க வேண்டாம். மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் காரம் பட்டுச் சிவக்கும். பதறாமல் அலசிவிட்டு வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே வெளுத்துவிடும். நாற்காலிக்கு வெயில் செய்யும் ஒரே நன்மை.

பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார், தின்னர் மூன்றும் தேறாது. ஸ்க்ரப்பர் போட்ட கீறலில் அடுத்த மாதமே கறுப்பு ஏறும். டேஷ்போர்டு பாலிஷும் தேங்காய் எண்ணெயும் சில நாள் பளபளப்பைத் தரும், அப்புறம் தூசியை இழுக்கும். பாலிஷ் போட்ட இருக்கை வழுக்கும், வயதானவர்கள் உட்காரும் நாற்காலியில் அது ஆபத்து. ஹீட் கன் காட்டினால் கறுப்பு பிளாஸ்டிக் மறுபடி கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும், ஹீட் கன் அதைவிட மிக அதிகச் சூட்டைத் துப்பும், ஒரே இடத்தில் கை நின்றால் முதுகுச் சட்டம் வளைந்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதென்றால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இல்லாமல் தொடவே வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் எளிதில் ஒட்டாது, நகம் பட்டாலே உரியும்.

ஒயர் பின்னிய நாற்காலிக்குக் கணக்கு வேறு. ஒயரை விட அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குத்தான் கவலைப்பட வேண்டும். ப்ளீச் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். பின்னல் போகும் திசையில் பிரஷ் போட்டு, உடனே அலசி, சாய்த்துவைத்துக் காயவிடுங்கள்.

கழுவின நாற்காலிகளை ஈரத்தோடு அடுக்கினால் இடைவெளியில் பூஞ்சை பிடிக்கும். கவிழ்த்துப் போட்டால் அடிவிலாக்களில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். காய்ந்தபின் அடுக்கி, படிக்கட்டு அறையிலோ தார்ப்பாய்க்கு அடியிலோ வைத்தால் போதும். எந்தப் பாலிஷை விடவும் நிழல்தான் ஆயுளைக் கூட்டும்.

கழுவி முடித்ததும் கைப்பிடி இருக்கையோடு சேரும் இடத்தையும் பின்னங்கால் வளைவையும் பாருங்கள். வெண்கோடு விழுந்திருந்தால் பிளாஸ்டிக் இழுபட்டு உடையத் தயாராகிவிட்டது. சூப்பர் க்ளூ இதில் பிடிக்காது. முதுகுப் பட்டையில் விரிசல் என்றால் தெருவில் குடம், வாளி ஒட்ட வருபவரிடம் சூட்டுக்கோலால் அதே பிளாஸ்டிக்கை உருக்கி இணைத்துக்கொள்ளலாம். காலில் விரிசல் என்றால் ஒட்டவும் வேண்டாம், யாரையும் உட்காரவைக்கவும் வேண்டாம்; காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள்.