டெபியன் 12, 13 இன்ஸ்டாலர்: கட்டற்ற அமைப்புக்குள் மூடிய ஃபர்ம்வேர், ஒரு விமர்சனம்

வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவது 11ஆம் பதிப்பு வரை பெரும் தொல்லை. முகப்பில் கிடைத்த அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் (நிறுவல் கோப்பில்) கட்டற்ற மென்பொருள், அதாவது மூல நிரலோடு யாரும் மாற்றவும் பகிரவும் கூடியது, மட்டுமே இருந்தது. இன்டெல் வைஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) கோப்பைக் காணாமல் இன்ஸ்டாலர் நடுவழியில் நின்று, அதை ஒரு பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லும். கையில் வேறு கணினி இல்லாதவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. ஃபர்ம்வேர் சேர்த்த ஐஎஸ்ஓவும் இருக்கத்தான் செய்தது. ஆனால் "அதிகாரப்பூர்வமற்றது" என்ற பெயரில், தேடிப் போனால் மட்டுமே கிடைக்கும் ஓர் உள்கோப்புறையில் இருந்தது.

2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12 (புக்வார்ம்) இந்த நிலையை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13 (டிரிக்ஸி) அதே வழியில் தொடர்கிறது. இப்போது ஒரே அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓதான். அதற்குள் மூடிய, அதாவது மூல நிரல் தரப்படாத, ஃபர்ம்வேரும் சேர்ந்தே வருகிறது. மீதியை இணையத்திலிருந்து எடுக்கும் சிறிய ஐஎஸ்ஓவான நெட்இன்ஸ்ட் கோப்பு 11இல் 400 மெகாபைட்டுக்குள் இருந்தது, இப்போது 600க்கு மேல் போய்விட்டது. கூடுதல் எடையில் பெரும்பங்கு ஃபர்ம்வேருடையது.

கட்டற்ற மென்பொருளுக்காகவே உருவான ஒரு சமூகம் இதைச் செய்யலாமா? டெபியன் இதை முறையாக வாக்கெடுப்புக்கு விட்டது. 2022இல் நடந்த பொதுத் தீர்மானத்தில் பல முன்மொழிவுகள் இருந்தன: ஃபர்ம்வேர் சேர்த்த ஒரே இன்ஸ்டாலர், இரண்டையும் அருகருகே வைப்பது, மூடிய பொருள் உள்ள இன்ஸ்டாலர் டெபியனே ஆகாது என்று அறிவிப்பது. வென்றது, டெபியனின் அடிப்படை வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தையே திருத்தி ஒரே இன்ஸ்டாலர் தருவது என்ற முன்மொழிவு. ஒப்பந்தத்தைத் தொடுவதால் இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தேவைப்பட்டது, அதுவும் கிடைத்தது. 1997இல் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் கூடியது: டெபியன் அமைப்பின் பகுதியாக இல்லாத ஃபர்ம்வேரை, அது தேவைப்படும் வன்பொருளில் டெபியனைப் பயன்படுத்துவதற்காக, அதிகாரப்பூர்வ ஊடகத்தில் சேர்க்கலாம். நடைமுறையை மாற்றிவிட்டு ஒப்பந்தத்தை அப்படியே விட்டிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்காது. எழுத்தையும் செயலையும் ஒன்றாக்கியதுதான் இந்த முடிவில் எனக்கு மிகப் பிடித்தது.

இனி இன்ஸ்டாலரின் வேலைத்திறம். லினக்ஸின் மையமான கெர்னல் எந்தக் கோப்பைக் கேட்டுத் தோற்றது என்பதை அதன் பதிவிலிருந்து படிக்கிறது. வன்பொருளை இயக்கும் டிரைவர்களில் சில இன்ஸ்டாலருக்குள் ஏறுவதே இல்லை, ஏஎம்டி கிராபிக்ஸ் அப்படிப்பட்டது. அவற்றுக்கு வன்பொருள் அடையாள எண்ணை வைத்துப் பொருத்தமான மென்பொருள் பொதியைக் கண்டுபிடிக்கிறது. பிராசசர் இன்டெலா ஏஎம்டியா என்று பார்த்து அதன் உள்நிரலான மைக்ரோகோடையும் போடுகிறது. எல்லாவற்றையும் கொட்டாமல் அந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் நிறுவுகிறது. நிறுவியதற்கான பட்டியலை வார்/லாக்/இன்ஸ்டாலர் கோப்புறையில் 'ஃபர்ம்வேர்-சம்மரி' என்ற கோப்பாக விட்டுச்செல்கிறது. நிறுவி முடித்ததும் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் எத்தனை உறுப்புகள் மூடிய நிரலை நம்பி ஓடுகின்றன என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பார்வையற்றோருக்கு இந்த மாற்றம் தந்தது மிகப் பெரிது. இன்ஸ்டாலரின் முதல் பட்டியலில் 'எஸ்' விசையையும் எண்டரையும் அழுத்தினால் பேச்சுவழி நிறுவல் தொடங்கும். புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் சில்லுக்கே ஃபர்ம்வேர் வேண்டும். அது இல்லாதபோது இன்ஸ்டாலர் ஊமையாகிவிடும், அவர்கள் யாரையாவது துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. பிறர் உதவியில்லாமல் தன் கணினியில் தான் நிறுவிக்கொள்வதும் சுதந்திரத்தில் சேர்ந்ததுதானே. கட்டற்ற ஐஎஸ்ஓ மட்டும் போதும் என்று வாதாடுபவர்கள் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

எதிர்வாதத்தில் வலுவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபர்ம்வேர் தீங்கற்ற பொருள் என்பது தவறு. 2017இல் பிராட்காம் வைஃபை சில்லுகளில் வெளிப்பட்ட 'பிராட்பவுன்' ஓட்டை, காற்றுவழியாகவே சில்லுக்குள் நுழைய வழி விட்டது. மூல நிரல் இல்லாத இடத்தில் உற்பத்தியாளர் மனம் வைத்தால்தான் திருத்தம் வரும். என்விடியாவின் கதை இன்னும் கசப்பானது. ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல் அந்தச் சில்லுகள் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும். அதனால் நூவோ என்ற கட்டற்ற டிரைவர் பல ஆண்டுகளாகச் சில்லின் வேகத்தைக்கூட உயர்த்த முடியாமல் தவித்தது. மறுபுறம், கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு: ஏத்தரோஸ் ஏஆர்9271 யுஎஸ்பி சில்லின் ஃபர்ம்வேர் மூல நிரலோடு வெளிவந்து, இன்று டெபியனின் கட்டற்ற களஞ்சியமான மெயின் பகுதியிலேயே இருக்கிறது. மூடியதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் இப்படிக் கேட்கும் குரல் தளர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மூடிய நிரல் ஐஎஸ்ஓவில் இல்லாவிட்டால் கணினியிலிருந்து மறைந்துவிடுவதில்லை. மைக்ரோகோடு பிராசசருக்குள் ஏற்கெனவே உண்டு. புதுப்பிப்பை மறுத்தால் மிஞ்சுவது அதே நிறுவனத்தின் பழைய, ஓட்டையுள்ள மூடிய நிரல். 2023 ஜூலையில் ஏஎம்டி பிராசசர்களில் ஜென்பிளீட், ஆகஸ்டில் இன்டெலில் டவுன்ஃபால் என்ற ஓட்டைகள் வெளிவந்தபோது சரியான தீர்வு மைக்ரோகோடு வழியாகத்தான் வந்தது. சில்லுக்குள்ளேயே எரித்துவைத்த ஃபர்ம்வேரை வன்பொருள் என்று ஏற்றுக்கொண்டு, அதையே வட்டிலிருந்து ஏற்றினால் பாவம் என்பது, பயனருக்குக் கண்ணில் தெரிகிற மூடிய நிரலை மட்டும் தண்டிக்கிறது. வட்டில் இருப்பதையாவது எண்ணலாம், நீக்கலாம், மாற்றலாம்.

எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் கேள்வி. டெபியன் நல்ல இடத்தில் கிழித்திருக்கிறது. முன்பு ஃபர்ம்வேர், என்விடியா டிரைவர், மூடிய எழுத்துருக்கள், உரிமத்தால் ஒதுங்கிய ஆவணங்கள் எல்லாம் 'நான்-ஃப்ரீ' என்ற ஒரே களஞ்சியத்தில் குவிந்திருந்தன. வைஃபைக்காக அதைத் திறந்தவர் மற்ற அனைத்துக்கும் கதவைத் திறந்தவராவார். இப்போது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' தனிப் பகுதி. அதில் இருப்பவை துணைச் சாதனங்களிலும் சில்லுகளிலும் ஓடுகின்றன. என்விடியாவின் மூடிய டிரைவர் உங்கள் கெர்னலுக்குள்ளேயே ஓடுவது, எனவே அது பழைய நான்-ஃப்ரீயிலேயே நிற்கிறது; வேண்டுபவர் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். கான்ட்ரிப் (தான் கட்டற்றது, ஆனால் மூடியதைச் சார்ந்தது), நான்-ஃப்ரீ இரண்டுக்கும் டெபியன் பாதுகாப்புக் குழுவின் ஆதரவு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதில்லை. சாதாரண நிறுவலில் இன்ஸ்டாலர் உங்களிடம் கேட்பதில்லை. ஃபர்ம்வேரைப் போடுகிறது, களஞ்சியப் பட்டியலிலும் அந்தப் பகுதியைச் சேர்க்கிறது. எக்ஸ்பர்ட் முறையில் போனால்தான் கேள்வி வரும். "இந்தக் கணினிக்கு இன்ன மூடிய கோப்புகள் வேண்டியிருக்கிறது, போடலாமா?" என்று ஒரே ஒரு திரை, 'ஆம்' என்பது முன்தேர்வாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் வர வேண்டும். பதிவுக் கோப்பில் எழுதிவைப்பது தெரிவிப்பதாகாது. புதிதாக வருபவர் அந்தக் கோப்பைத் திறக்கவே போவதில்லை.

வேண்டாம் என்பவருக்கு வழி இருக்கிறது. பூட் பட்டியலில் யுஇஎஃப்ஐ (புதிய துவக்க முறை) கணினியானால் 'ஈ' விசை, பழைய பயாஸ் ஆனால் டேப் விசை. கெர்னல் வரியில் மூன்று கோடுகளுக்கு (---) முன்னால் ஓர் இடைவெளி விட்டு 'ஃபர்ம்வேர்=நெவர்' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி, யுஇஎஃப்ஐயில் கன்ட்ரோல்-எக்ஸ், பயாஸில் எண்டர். மூன்று கோடுகளுக்குப் பின்னால் எழுதினால் அது நிறுவிய அமைப்பின் பூட் வரியிலும் ஒட்டிக்கொள்ளும், இடத்தைப் பார்த்து எழுதுங்கள்.

11இலிருந்து மேம்படுத்தியவர்கள்தான் அதிகம் சறுக்கினார்கள். களஞ்சியங்களைக் குறிக்கும் பழைய சோர்சஸ்-லிஸ்ட் கோப்பில் 'மெயின் கான்ட்ரிப் நான்-ஃப்ரீ' என்று இருக்கும். பதிப்புப் பெயரை மட்டும் புக்வார்ம் என்று மாற்றினால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும், ஏனெனில் பழைய ஃபர்ம்வேர் வட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பொதிகள் புதிய பகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்டதால் ஒரு புதுப்பிப்பும் வராது. மைக்ரோகோடு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் இதற்கு ஓர் அறிவிப்பு காட்டுகிறது, பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். சோதிக்க 'ஆப்ட் பாலிசி' கட்டளையோடு 'இன்டெல்-மைக்ரோகோடு' அல்லது 'ஏஎம்டி64-மைக்ரோகோடு' பொதியின் பெயரைக் கொடுங்கள். களஞ்சிய முகவரி எதுவும் வராமல் ஏற்கெனவே நிறுவியதைக் குறிக்கும் டிபிகேஜி நிலைக்கோப்பு மட்டும் வந்தால், புதுப்பிப்பு வரும் வழி அறுந்திருக்கிறது. ஒவ்வொரு களஞ்சிய வரியின் முடிவிலும் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' சேர்க்க வேண்டும். பாதுகாப்பு வரியை மறந்துவிடாதீர்கள். 13க்கு வந்தவர்கள் புதிய '.சோர்சஸ்' வடிவத்தில் வைத்திருந்தால் 'காம்பொனன்ட்ஸ்' வரியில் சேர்க்கவும்.

புதிய மடிக்கணினிகளில் வேறு சிக்கல். புக்வார்மின் கெர்னல் 6.1, டிரிக்ஸியின் கெர்னல் 6.12. அதற்குப் பின் வந்த வன்பொருளுக்காக புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து கெர்னலை மட்டும் எடுத்துவிட்டு ஃபர்ம்வேரைப் பழையதாகவே விடுபவர்கள் உண்டு. புதிய கெர்னல் புதிய எண்ணுள்ள கோப்பைக் கேட்கும், கிடைக்காது, வைஃபை எழாது. ஏஎம்டி கிராபிக்ஸ் ஆனால் திரையே இருண்டுபோகலாம். கெர்னலின் டிமெசேஜ் பதிவில் ஃபர்ம்வேர் என்று தேடுங்கள். பிழை எண் -2 வந்தால் கோப்பு இல்லை என்று பொருள். கெர்னலையும் ஃபர்ம்வேரையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

பழைய பிராட்காம் பி43 சில்லுகளுக்கு இந்த இன்ஸ்டாலரும் உதவாது. அந்த ஃபர்ம்வேரை மறுபகிர்வு செய்ய அனுமதி இல்லை, ஆகவே ஐஎஸ்ஓவில் வைக்க முடியாது. கான்ட்ரிப் பகுதியிலுள்ள ஓர் இன்ஸ்டாலர் பொதி இணையத்திலிருந்து இறக்கித் தரும். முதல் இணைப்புக்கு ஈதர்நெட் கம்பியோ, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் யுஎஸ்பி டெதரிங்கோ வேண்டும்.

என்விடியாவின் மூடிய டிரைவர் தவிர்க்க முடியாதவருக்கு: கான்ட்ரிப், நான்-ஃப்ரீ இரண்டையும் சேருங்கள், முதலில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, பிறகு என்விடியா-டிரைவர். ஹெடர்ஸ் இல்லாவிட்டால், கெர்னலுக்கேற்ப டிரைவரைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் கருவி அதன் மாட்யூலைக் கட்டாது, நூவோவோ தடைப்பட்டிருக்கும், மீண்டும் துவக்கும்போது எழுத்துத் திரையோடு நிற்பீர்கள். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் வார்/லிப்/டிகேஎம்எஸ் கோப்புறையிலுள்ள மோக் (கணினி உரிமையாளரின் சாவி) பொதுச்சாவியை மோக்யூட்டில் என்ற கருவியைக் கொண்டு பதிந்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, மறுதுவக்கத்தில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' தேர்வு செய்ய வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட டெபியனை அடியாகக் கொண்ட அமைப்புகள் பல. ஆகவே இங்கே கிழித்த கோடு டெபியனோடு நிற்பதில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டெபியனைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, 2022க்கு முன்பும் சேர்த்ததில்லை. மூடிய பொருளுக்குக் களஞ்சியம் வைத்திருப்பதே அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் கடுமையை மதிக்கிறேன். அதை முழுதாகக் கடைப்பிடிக்க விரும்புபவர் முழுக் கட்டற்ற அமைப்புகளான டிரிஸ்குவல் அல்லது கிக்ஸ் பக்கம் போகலாம், வன்பொருளை அதற்கேற்பத் தேர்ந்து வாங்க வேண்டும்.

டெபியனிலேயே இருந்துகொண்டு மூடியதைக் குறைக்க எண்ணுபவர், ஏத்தரோஸ் ஏத்9கே டிரைவரில் ஓடும் பழைய பிசிஐ அட்டை ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். அதற்கு வட்டிலிருந்து ஃபர்ம்வேரே ஏற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பி வேண்டுமானால் ஏஆர்9271. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, வேகமும் இன்றைய அளவுக்குக் குறைவுதான், ஆனால் மெயின் பகுதி ஒன்றே போதும். கணினியில் மிஞ்சியிருக்கும் மூடிய பொதிகளை எண்ண 'செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ்' என்ற சிறு பொதி இருக்கிறது, பழைய விஆர்எம்எஸ்ஸின் இடத்தில் வந்தது. அதை நிறுவி ஓட்டினால் எந்தப் பொதி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று பட்டியலிடும்.