குன்னூர் பெற்றோர் வகுப்பு: காலையில் பிரமாதம், மத்தியானம் சுமார்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் குழந்தைகளின் மனவளர்ச்சி பற்றி ஒரு நாள் வகுப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் போனோம். 700 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே. ஹாலில் குளிர் பின்னி எடுத்தது, ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும்.

காலைப் பகுதிக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. பிள்ளைகளின் யோசிக்கும் திறன் வயசோடு எப்படி வளருகிறது என்று உளவியலாளர் பியாஜே பிரித்த நாலு நிலைகளைப் போர்டில் எழுதிப் போட்டுக் கொல்லாமல், வந்திருந்த பிள்ளைகளையே கூப்பிட்டுக் காட்டினார் டீச்சர். ரெண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர், அதில் ஒன்றை எடுத்து ஒல்லியான உயரக் கிளாஸில் ஊற்றியதும் யு.கே.ஜி. பையன் "இதுலதான் நிறைய" என்று கையைக் காட்ட, மூணாவது படிக்கிற அவன் அக்கா "லூசு, அதே தண்ணிதான்டா" என்று சிரிக்கிறாள். பியாஜே கணக்கில் 7 வயது வாக்கில்தான் இது பிடிபடும். ஆனால் 1974-ல் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்ற ரெண்டு பேர் இதே மாதிரி சோதனையில், சம எண்ணிக்கையில் வில்லைகள் அடுக்கிய ரெண்டு வரிசையில் ஒன்றைப் பெரியவர் கலைக்காமல் ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி கலைக்கிற மாதிரி செய்தபோது 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் தானே கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதிலை மாற்றச் சொல்கிறார் போல என்று பிள்ளை நினைத்துவிடுகிறதாம். இதைச் சொல்லாமல், வயசும் நிலையும் போட்ட லேமினேட் அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? பக்கத்தில் இருந்த அப்பா அப்போதே தன் பையனை அட்டையோடு ஒப்பிட்டு முகம் வாடிப்போனார்.

மத்தியானம் சூழலின் பங்கு. கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்த அக்கா ஒருத்தர், "காலையில கொழுந்து பறிக்கப் போனா பிள்ளை சாயந்திரம் வரைக்கும் ஆயாகிட்டதான் இருக்கும், பாசம் குறைஞ்சிருமா?" என்று கேட்டார். அன்றைக்கு நல்ல கேள்வி அது ஒன்றுதான். டீச்சரோ தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த பௌல்பி, தாய்ப்பாசம் என்று பொதுவாகப் பேசி நழுவிவிட்டார். ஹவாயில் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளை 40 வயது வரை பின்தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்வைச் சொல்லியிருக்கலாமே! வறுமை, குடும்பச் சண்டை என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே தலையெடுத்தார்கள், அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றில் ஒன்று நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. அது பாட்டியாகவும் இருக்கலாம், ஆயாவாகவும் இருக்கலாம். டீ பிரேக்கில் அந்த அக்காவிடம் நானே சொன்னேன்.

சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம், அட்டையை மட்டும் ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள். வீட்டில் பத்தாவது, பிளஸ் டூ இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். மனித வாழ்க்கையை உளவியலாளர் எரிக்சன் பிரித்த எட்டுக் கட்டங்களில், 'நான் யார்' என்ற விடலைப் பருவத்து அடையாளக் குழப்பம் வந்தபோது மணி நாலரை, பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.